விமானம் ஏறும் தண்ணீர்

"நம்ம நாட்டு மாம்பழம் அமெரிக்கா வரைக்கும் போகுதே, நாமும் ஏற்றுமதி செய்யலாமே" என்று உழவர் கூட்டங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே காலம் தள்ளியவன் நான். கணக்குப் போடாமல் தலையாட்ட வரவில்லை.

முதல் கணக்கு, கதிர்வீச்சு. 2007 முதல் அமெரிக்கா நம் மாம்பழத்தை அனுமதிக்கிறது. பூச்சி போகக் குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளோ கதிர்வீச்சை ஏற்பதில்லை. பஞ்சகவ்யம் தெளித்துப் பொத்திப் பொத்தி வளர்த்த பழம், அங்கே இயற்கைப் பழம் என்ற பேரோடு விற்க முடியாது. அப்புறம் எதுக்குங்க அவ்வளவு பாடு?

இரண்டாவது, தூரத்துச் சந்தையை நம்புவது. 2014 மே மாதம் பழ ஈயைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குக் கதவடைத்தது. 2015இல்தான் திறந்தது. 2020இல் கொரோனாவால் அமெரிக்க ஆய்வாளர்கள் வர முடியவில்லை. அந்த ஏற்றுமதி மறுபடி தொடங்கியது 2022இல். மரம் அதுவரை காத்திருக்குமா?

மூன்றாவது, எடை. மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். விமானக் கட்டணமோ கிலோவுக்கு. நம் கிணற்றுத் தண்ணீருக்கு டிக்கெட் எடுத்து அனுப்புகிறோம்! கப்பலைவிட விமானம் பல மடங்கு கரியமில வாயுவைக் கக்குகிறது. மண்ணைக் காப்பாற்றிவிட்டு வானத்தைக் கெடுக்கலாமா? சுவிட்சர்லாந்தின் பயோ சூயிஸ் அமைப்பு, விமானத்தில் வரும் விளைபொருளுக்குத் தன் முத்திரையைத் தருவதில்லை.

மறுபக்கமும் உண்டு. 2007இல் பிரிட்டனின் சாயில் அசோசியேஷன் இப்படி ஒரு தடை வேண்டுமா என்று கருத்துக் கேட்டபோது, ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. கடற்கரையே இல்லாத உகாண்டாவில் அன்னாசியைச் சீவி, சோலார் டிரையரில் காயவைத்தும் விற்கிறார்கள். தண்ணீர் ஊரிலேயே நின்றுவிடுகிறது. பழம் அழுகுமே என்று பறக்கவும் வேண்டாம்.

நமக்கும் அதுதான் வழி. உங்கள் பழத்துக்கு முதலில் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஆள் தேடுங்க. மிஞ்சினதை வற்றலாக, ஊறுகாயாக, கூழாக மாத்துங்க. நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு டிரையர் போட்டுவிடலாம். அதுக்கப்புறமும் மிஞ்சினால் கப்பலைப் பற்றிப் பேசலாம்.