மார்ச்சில் மறுத்தது, டிசம்பரில் செய்தது

ஆப்கானிஸ்தானில் சோவியத் படை தோற்றது ஏன் என்று கேட்டால், அமெரிக்கா கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைதான் காரணம் என்ற பதில் சட்டென்று வந்துவிடுகிறது. காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சோவியத் படையை எதிர்த்துப் போராடிய முஜாஹிதீன்கள் ஸ்டிங்கரை முதன்முதலில் ஏவியது 1986 செப்டம்பரில். கோர்பச்சேவோ அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே, கட்சி மாநாட்டு மேடையில், அந்தப் போரை ரத்தம் கசியும் காயம் என்று சொல்லிவிட்டார். ஏவுகணை ஹெலிகாப்டர்களை வீழ்த்தியது உண்மைதான். ஆனால் காயம் பழையது.

1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் நிலச் சீர்திருத்தம், பெண் கல்வி என்று அறிவித்தவற்றில் குறை சொல்ல அதிகமில்லை. அவற்றைக் கிராமங்கள்மீது திணித்த விதமும், எதிர்த்தவர்களைச் சிறையிலிட்டுக் கொன்றதும்தான் நாட்டைக் கொதிக்க வைத்தன. 1979 மார்ச்சில் ஹெராத் நகரம் கிளர்ந்தது. அடக்க வேண்டிய சிப்பாய்களே கிளர்ச்சியில் சேர்ந்துகொண்டார்கள். பதறிப்போன ஆப்கன் தலைவர் தராகி, சோவியத் பிரதமர் கோசிகினிடம் தொலைபேசியில் படை கேட்டார். சோவியத்தின் தாஜிக், உஸ்பெக் வீரர்களுக்கு ஆப்கன் சீருடை மாட்டி அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்றுகூட யோசனை சொன்னார். கோசிகின் மசியவில்லை. எங்கள் படை வந்தால் உங்கள் மக்களோடுதான் மோத வேண்டிவரும், அதை அவர்கள் மன்னிக்கவே மாட்டார்கள் என்பது மாஸ்கோ சொன்ன காரணம். அந்தப் போரைப் பற்றி இதைவிடச் சரியான கணிப்பைப் பின்னாளில் எந்த நிபுணரும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஏன் அதே ஆண்டு டிசம்பரில் படையோடு போனார்கள்? தராகியை வீழ்த்திப் பதவிக்கு வந்து, பிறகு அவரைக் கொல்லவும் வைத்த அமீன், அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற சந்தேகம் வந்தது. பிரெஷ்னேவைச் சுற்றியிருந்த மிகச் சிலர் முடிவெடுத்தார்கள். தலைமைத் தளபதி ஒகர்கோவின் ஆட்சேபம் எடுபடவில்லை. டிசம்பர் 27 அன்று அமீனை அவரது மாளிகையிலேயே கொன்று தங்களுக்கு இணக்கமான கர்மாலை ஆட்சியில் அமர்த்தினார்கள். இதில் விநோதம், சோவியத் படையை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அமீனும் ஒருவர்.

அந்நிய டாங்கியின் துணையோடு வந்தவரை ஊர் ஏற்கவில்லை. சுமார் ஒரு லட்சம் வீரர்கள் நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் காத்தார்கள். மற்ற இடங்கள் வசப்படவில்லை. பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கை மீண்டும் மீண்டும் பிடித்தார்கள், படை திரும்பியதும் முஜாஹிதீன் தளபதி மசூதின் ஆட்கள் இறங்கி வந்தார்கள். சோவியத் தரப்பில் சுமார் 15,000 பேர் மாண்டார்கள். ஆப்கானியர் பல லட்சம் பேர் இறந்தார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளானார்கள்.

1989 பிப்ரவரி 15 அன்று கடைசிப் படைப்பிரிவு ஆமு தரியா பாலத்தைக் கடந்தது. மாஸ்கோ ஆதரவில் இருந்த நஜிபுல்லா அரசு சில மாதங்களில் கவிழும் என்றே பலரும் கணக்குப் போட்டார்கள். அது மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து, மாஸ்கோவிலிருந்து பணமும் எரிபொருளும் நின்ற பிறகுதான் 1992 ஏப்ரலில் விழுந்தது.