பம்பேர்ஸ் மாத்தவும் படிக்க வேணுமோ?

கோவில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ "பிள்ளை இப்ப என்ன செய்யிறாய்?" எண்டு யாராவது கேட்டால், எங்கட வகுப்பில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மறுமொழி வைத்திருக்கிறோம். ஒருத்தி "நேர்சிங் மாதிரி ஒண்டு" என்பாள். இன்னொருத்தி "வெளிநாட்டுக்குப் போறதுக்கு ஒரு கோர்ஸ்" என்று கதையை முடித்துவிடுவாள். வகுப்பில் இருக்கிற இரண்டு பெடியன்களில் ஒருவன் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொன்னதே இல்லை. ஊரைப் பொறுத்தவரை அவன் கொம்பியூட்டர் படிக்கிறான்.

நாங்கள் படிப்பது முதியவர்களையும் நோயாளர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கிற தொழில். முடித்தால் 'பராமரிப்பாளர்' என்று தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், என்விகியூ நான்காம் மட்டம், கிடைக்கும். எங்களில் ஒருத்தியின் மாமி இதைக் கேட்டுவிட்டு ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்: "பம்பேர்ஸ் மாத்தவும் படிக்க வேணுமோ?"

ஓம், படிக்க வேணும். அதைத்தான் எழுத வந்தோம்.

முதல் கிழமை எங்களுக்குப் படிப்பித்தது கை கழுவ. பிறகு கட்டிலில் கிடக்கிற ஒருவரைக் குளிப்பாட்ட. முகத்தில் தொடங்க வேண்டும், கண்ணை உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒரு கண்ணுக்குப் பாவித்த துணிப்பக்கத்தை மற்றக் கண்ணுக்குப் பாவிக்கக் கூடாது. கழுவுகிற பகுதியை மட்டும் திறந்து மிச்ச உடம்பைத் துவாயால் மூடியிருக்க வேண்டும். பாரிசவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது இயங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் எத்தனை தோள்மூட்டுகளை இழுத்து நோகப்பண்ணியிருப்போம்! எங்களில் ஒருத்தி அன்று வகுப்பு முடிந்து அழுதாள். அவளுடைய அம்மப்பா இரண்டு வருடம் கிடந்துதான் செத்தவர். "நாங்கள் அவரைப் படுக்க வச்சுத்தான் கஞ்சி பருக்கினனாங்கள்" என்றாள். விழுங்கக் கஷ்டப்படுகிறவரை நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றே கீழே வைத்து, சின்னக் கரண்டியால் கொடுத்து, சாப்பிட்டபிறகும் அரை மணித்தியாலம் அப்படியே இருத்த வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு சுவாசப்பைக்குள் போகலாம். அவருக்கு அடிக்கடி வந்த நெஞ்சுச்சளி ஏன் வந்தது என்று யாரும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை.

படுக்கைப்புண் பாடம் இன்னொன்று. அசையமுடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிட வேண்டும், குதிக்கால், இடுப்பு, முதுகின் அடி எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். புத்தகத்தில் முதல் அறிகுறி 'அமத்தினால் வெளிறாத சிவப்பு' என்று இருக்கிறது. படத்தில் இருப்பது வெள்ளைத்தோல். எங்கட தோலில் அது சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருக்கும், தொட்டால் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கும். இதை எங்களுக்குச் சொன்னது புத்தகமில்லை. முப்பது வருடம் வார்ட்டில் நின்று ஓய்வுபெற்ற ஒரு மிஸ். தமிழில் நல்ல கைநூல் ஒன்று இதற்கு வேண்டும் என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம்.

வன்னியில் இந்தப் பாடம் வெறும் பாடமில்லை. ஷெல்லிலும் துவக்குச்சூட்டிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் இருக்கிறவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். 2009இல் இருபது வயது என்றால் இன்றைக்கு நாற்பதை நெருங்குகிற வயது. அவர்களைப் பார்த்த தாய்மாருக்கு இப்போது அறுபது, எழுபது. அந்தத் தாய்மாருக்குப் பிறகு யார் என்ற கேள்வியை எந்த மேடையிலும் நாங்கள் கேட்கவில்லை.

இந்தக் கோர்ஸுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால் எங்கட கல்வியின் அமைப்பு விளங்கும். உயர்தரத்தில் இசட் ஸ்கோர் காணாதவர்கள், சாதாரண தரத்தில் கணக்கு விட்டவர்கள், கலியாணம் கட்டிப் படிப்பை விட்ட அக்காமார். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் 'சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும்' ஒரு பாடம். சாதாரண தரம் சித்தியடையாதவர்களும் தரம் 12க்குப் போய்ப் படிக்கலாம். நல்ல வாசல்தான். ஆனால் பாடசாலைகள் அதைச் சொல்கிற விதம் வேறு: "உனக்கு வேற ஒண்டும் சரிவராது, இதையாவது செய்." வைத்தியம் படிக்கப்போகிற பிள்ளைக்கு 'சேவை மனப்பான்மை' என்று மேடையில் பரிசு கொடுக்கிற அதே அதிபர், சேவையே முழுப்பாடமாக உள்ள வகுப்பை 'இதையாவது' என்கிறார். என்விகியூ ஏழு மட்டங்கள் உள்ள ஒரு ஏணி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன் என்பது எங்களுக்கே கோர்ஸில் சேர்ந்தபிறகுதான் தெரியும்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். மாமியின் கேள்விக்குள் இருப்பது வெறும் அறியாமையில்லை. மலசலத்தைத் தொடுகிற வேலை இன்னாருடையது என்று எங்கட சமூகம் எப்போதோ பிரித்து எழுதிவைத்துவிட்டது. சாதி இப்ப எங்க இருக்கு என்று கேட்கிறவர்கள், "உன்னை இதுக்கோ படிப்பிச்சனாங்கள்?" என்று ஒரு தகப்பன் கேட்கும்போது அந்த 'இதுக்கோ'வைக் கவனித்துக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்கிறவள் மகளோ மருமகளோ. அங்கே அது கடமை, சம்பளமில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. பிள்ளைகள் என்றால் மகன்களும்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழும்பித் திருப்பிப் படுக்க வைக்கிற மகனை எங்களில் யாரும் இன்னும் காணவில்லை. (அந்தக் 'கொம்பியூட்டர்' படிக்கிற பெடியன் விதிவிலக்கு. அவன் தன்ர அப்பம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறான்.)

வெளிநாட்டைப் பற்றியும் கதைக்கத்தான் வேணும், ஏனெண்டால் வகுப்பில் பாதிப்பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பானோடு 2019இல் ஒப்பந்தம் வந்தது. மொழிப்பரீட்சையும் பராமரிப்புப் பரீட்சையும் சித்தியடைந்தால் ஐந்து வருடம் வரை வேலை செய்யலாம், ஆனால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. பிரித்தானியா 2022இல் பராமரிப்பாளருக்கு வீசாக் கதவைத் திறந்து, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை மூடிவிட்டது. அந்த இடைவெளியில் ஏஜென்சிக்குக் கட்டக் காணி ஈடு வைத்தவர்களை எங்களுக்குத் தெரியும். எங்கட படிப்பின் பெறுமதியை இன்னொரு நாட்டின் உள்துறை அமைச்சர் ஒரு அறிக்கையால் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்றால், அந்தப் படிப்பை நாங்கள் சரியான இடத்தில் நாட்டவில்லை.

ஏனெண்டால் வேலை இங்கேயும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எத்தனை பெரிய வீடுகளில் ஒரு அம்மாவும் ஒரு சிசிடிவி கமராவும் மட்டும் இருக்கின்றன! பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும். அம்மாவைப் பார்க்க 'ஒரு ஆள்' வைத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்கு லீவு இல்லை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, இரவு வேலைக்குத் தனிக்காசு இல்லை. சமைப்பதும் முற்றம் கூட்டுவதும் இன்சுலின் ஊசி போடுவதும் அவர்தான். ஊசி போடப் பழக்கியது யார் என்று கேட்டால் பக்கத்து வீடு. இதே பிள்ளைகளில் சிலர் அங்கே கெயார் ஹோமில் வேலை செய்கிறார்கள். மணித்தியாலக் கணக்கில் சம்பளம், லீவு, பயிற்சி எல்லாவற்றையும் அங்கே உரிமையாகக் கேட்கிறவர்கள், இங்கே அம்மாவைப் பார்க்கிறவருக்கு மாதமுடிவில் 'ஏதோ பார்த்துக் குடுக்க' சொல்கிறார்கள்.

எங்களுக்கு வேண்டியது பெரிய விசயமில்லை. வேலைக்கு எடுக்கும்போது ஒரு பக்கத்தில் எழுதின ஒப்பந்தம்: எத்தனை மணித்தியாலம், எந்த வேலை, எந்தக் கிழமை லீவு. பிரதேச செயலகத்தில் பயிற்சிபெற்ற பராமரிப்பாளர்களின் பதிவு. ஏற்கெனவே வருடக்கணக்காக இந்த வேலையைச் செய்கிற அக்காமாருக்கு அவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டே என்விகியூ கொடுக்கலாம். அந்த ஏற்பாடு நாட்டில் இருக்கிறது, யாராவது அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறோம், இரண்டு பேர் விண்ணப்பம் எடுத்திருக்கிறார்கள்.

அந்த மாமி போன கிழமை கோல் எடுத்தார். மாமியாருக்கு இடுப்பில் ஒரு இடம் கறுத்து வருகுதாம், ஒருக்கால் வந்து பார்க்க ஏலுமோ என்று. நாங்கள் இரண்டு பேர் போனோம். தோல் இன்னும் உடையவில்லை. கட்டிலைச் சரிப்படுத்தி, தலையணைகளை எங்கே வைப்பது, எப்போது திருப்புவது என்று கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டு, டொக்டரிடம் காட்டச் சொல்லி வந்தோம். தேத்தண்ணி தந்தார். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வந்து பார்க்கிறதுக்கு எவ்வளவு என்று எங்களில் ஒருத்தி கேட்டபோது, மாமி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் காசோ பிள்ளை?" என்றார். ஓம் மாமி என்றோம். யோசிச்சுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.