பேருதான் பிக்கப்பு!

பி.காம் படிச்சிட்டு பேங்க்ல குப்பை கொட்டறவனுக்கு பிக்கப் ரேஸ் பத்தி என்ன தெரியும்னு நினைக்காதீங்க. விருதுநகர்லேர்ந்து பெங்களூரு வந்த இத்தனை வருஷத்துல, என் மேஜைக்கு வந்த வண்டிக்கடன் ஃபைல்ல பிக்கப்புதான் அதிகம்.

போன மாசம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஓசூர்லேர்ந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டறவர். "சார், இந்த மாச டியூ பத்து நாள் தள்ளிக் கட்டலாமா?" விசாரிச்சா, பையன் ராத்திரி காலி வண்டியை எடுத்துட்டுப் போய், கூட்டாளியோட பிக்கப்புக்குப் போட்டியா ரோட்டுல விரட்டியிருக்கான். கிளட்ச் கருகிடுச்சு. நாலு நாள் வண்டி ஒர்க்‌ஷாப்ல, நாலு நாள் வருமானம் போச்சு.

பக்கத்துல நின்ன பையன் சொன்னான்: "பேருதான் பிக்கப்பு அங்கிள், வண்டியில பிக்கப்பே இல்ல."

சிரிப்பு வந்துச்சு. ஆனா அது வண்டியோட குத்தம் இல்லைங்க. டிராக் ரேஸ்ங்கறது நின்ன இடத்துலேர்ந்து கால் மைல், அதாவது 402 மீட்டர். கிளம்பறப்போ தள்ளுற சக்கரத்து மேல எடை அழுத்தணும். நம்ம பிக்கப்புல பெரும்பாலும் பின்சக்கரம்தான் தள்ளுது. காலி வண்டியில எடையெல்லாம் முன்னாடி, இஞ்சின் பக்கம். பின்னாடி ஒரு டன் சுமைக்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங், சுமை இல்லாட்டி விறைச்சுக்கிட்டு நிக்கும். சக்கரம் வழுக்கும், இவன் கிளட்சைப் போட்டுத் தேய்ப்பான். டீசல் இஞ்சின் வேற, இழுவை கீழேயே வந்துடும், சீக்கிரமே மூச்சு முட்டும்.

நம்ம பக்கத்து பிடதியில தயாராகி 2022-ல வந்த டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்குங்க. 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைசக்தி, ஆட்டோமேட்டிக்ல 500 நியூட்டன் மீட்டர் இழுவை. ஆனா வண்டியே ரெண்டு டன்னுக்கு மேல! அந்த இழுவை பாரத்தோட மேடு ஏறறதுக்கு. சேலத்துலேர்ந்து தர்மபுரி வர்றப்போ தொப்பூர் மேட்டுல தெரியும் அதோட அருமை.

ரேஸுக்குன்னே கம்பெனியே செஞ்ச பிக்கப்பும் உண்டு. அமெரிக்காவுல 1991-ல வந்த ஜி.எம்.சி. சைக்ளோன். டர்போ இஞ்சின், நாலு சக்கரமும் தள்ளும். அந்த வருஷம் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை நடத்தின கால் மைல் போட்டியில ஃபெராரி 348-ஐயே முந்திடுச்சு. சரி, எவ்வளவு சுமக்கும்? சுமார் 225 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்பது! அதை வெச்சு எந்தக் குடும்பம் டியூ கட்டும்?

நான் ரேஸுக்கு விரோதி இல்லை. ஒரு காலத்துல சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல ஓட்டினாங்க, 1990-லேர்ந்து இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக்கே இருக்கு. ஓட்டணும்னா அந்த மாதிரி இடத்துல ஓட்டட்டும். பொதுச்சாலையில அனுமதி இல்லாம ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லாட்டி மூணு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரிச்சுப் பாருங்க, ரேஸுக்கு ஓட்டினா செல்லாதுன்னு எழுதியிருக்கும். பேங்க் பேர்ல அடமானத்துல இருக்கற வண்டி அன்னிக்கு கவிழ்ந்திருந்தா, வண்டியும் போய் கடன் மட்டும் நின்னிருக்கும்.

அபராதக் கட்டணம் எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக் குடுத்தேன். பையன்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன்: "தம்பி, உங்கப்பா விடிகாலை ரெண்டு மணிக்கு லோடோட கிளம்பி, நாலு மணி மார்க்கெட்டுக்கு தினம் போய்ச் சேர்றாரே, அதுதான்பா இந்த வண்டிக்கு ரேஸ்."

எட்டாவது நாளே டியூ வந்துடுச்சு. கட்ட வந்தவன் பையன்தான் :-)