பொன் தெரிகிறது, பால் தெரியவில்லை

நம் இளம் கவிஞர்களுக்குக் கின்சுகி ரொம்பப் பிடித்துவிட்டது. உடைந்த கிண்ணத்தைப் பொன்கோடு தெரிய ஒட்டும் ஜப்பானிய முறை அது. உடைந்த காதல், உடைந்த குடும்பம், உடைந்த அடையாளம் எல்லாவற்றுக்கும் இப்போது இந்த ஒரே உவமைதான். ஜொகூர் பாரு கஃபேயில் கையால் வனைந்த ஜப்பானியக் கோப்பையைப் படம் எடுத்து, கீழே நாலு வரி. அந்தக் கோப்பையோடு எனக்குச் சண்டை இல்லை. அதைப் பாதி மட்டும் பார்க்கிற கண்ணோடுதான் சண்டை.

கின்சுகியில் ஒட்டுவது பொன் அல்ல, உருஷி என்கிற மரத்தின் பால். பட்டையைக் கீறி, கசிவதை வழித்து எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் தருவது சுமார் 200 கிராம். பெரும்பாலும் அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். பொன்தூள் கடைசியில் மேலே தூவுவது. மரத்தைக் கீறிப் பால் எடுப்பது என்றால் என்னவென்று தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கா விளக்க வேண்டும்?

தாத்தா பாட்டி வெட்டிய பாலைத் தாங்கிய மங்கும் மண்தான். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் சரிவில் நீளமாகக் கட்டிய டிராகன் சூளைகளில் விறகுத் தீயில் வெந்தவை அவை. ஆயர் ஈத்தாம் அருகே மாச்சாப்பில் அப்படி ஒரு சூளை இன்னும் இருக்கிறது. சீனர் சுட்டார்கள், தமிழர் மரத்தில் கட்டினார்கள். நம் கவிதைக்கு இதைவிட நெருக்கமான பாண்டம் எது? ஆனால் மங்கு இன்று வீட்டு வாசலில் கள்ளிச்செடி வைக்கத்தான்.

ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் கிஸாஎமோன் என்று ஒரு தேநீர்க் கிண்ணம் உண்டு. கொரியாவில் பெயர் தெரியாத ஒரு குயவர் செய்த சாதாரணப் பாத்திரம் அது. 1925இல் 'மிங்கேய்' என்ற சொல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான யானகி சோயெட்சு, அன்றாடப் புழக்கத்தில்தான் அழகு இருக்கிறது என்று வாதாட இந்தக் கிண்ணத்தைத்தான் காட்டினார். இதற்கு மறுபக்கமும் உண்டு. கொரியப் பாண்டங்களைக் கொண்டாடிய அதே நாட்டுப் பிரபுக்கள், 1592–1598 படையெடுப்பில் கொரியக் குயவர்களையே பிடித்துக்கொண்டு போனார்கள். பாண்டத்தை ரசிப்பது வேறு, வனைந்தவரை மதிப்பது வேறு.

"அது கலை, நம்ம சட்டி வெறும் சட்டிதானே" என்பார்கள். சரி, பராமரிப்பையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய தோனாபே சட்டி வாங்கினால் முதலில் அதில் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அடி ஈரமாக இருக்கும்போது அடுப்பில் ஏற்றாதே, சோப்பு நீரில் ஊறப்போடாதே, நன்றாகக் காயவைத்து எடுத்து வை. காணொளி பார்த்து இதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டிகள் மண்சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்கியது வேறென்ன? ஸ்கூடாயில் பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே இயற்பியல். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. கஞ்சியின் மாவுச்சத்து அவற்றை அடைக்கிறது. துளையில் தங்கிய நீர் திடீர்ச் சூட்டில் ஆவியானால் சட்டி விரிசல் விடும்.

அங்கே 'வாபி-சாபி', இங்கே 'பழைய காலத்து ஆளுங்க'. இதை ரசனை என்று சொல்லாதீர்கள், கூச்சம் என்று சொல்லுங்கள்.

இந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர் குயவர். கோலசிலாங்கூர் பக்கம் இன்றும் தமிழர்கள் பானை வனைகிறார்கள். நாம் பொங்கலுக்கு ஒன்று வாங்கி, பொங்கியதும் ஓரமாகப் போட்டுவிடுகிறோம். தை மாதத்தில் மட்டும் தேவைப்படுகிற தொழிலை எந்த மகன், எந்த மகள் எடுத்து நடத்துவார்?

ஒரு மண்சட்டி வாங்குங்கள். கஞ்சி ஊற்றிப் பழக்குங்கள். ஒரு வருடம் அதில் மீன் குழம்பு வையுங்கள். உடைந்தால் குயவரிடம் போய் அடுத்தது வாங்குங்கள். அதுக்கப்புறம் கின்சுகி பற்றி எழுதுங்க, நான் உட்கார்ந்து படிக்கிறேன்.