பல்பை மாற்றுமுன் மெயின் சுவிட்ச்

மெயின்பிரேம் என்றதும் அருங்காட்சியகத்துப் பெட்டி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்கு வழக்கு இன்றும் அதில்தான் ஓடுகிறது. 1999 டிசம்பரில் ஐபிஎம் அதற்கான லினக்ஸ் நிரல்களை வெளியிட்டது. இப்போது இசட்/விஎம் என்ற மென்பொருளின் கீழ் ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான லினக்ஸ் இயந்திரங்கள் விருந்தாளிகளாகக் குடியிருக்க முடியும்.

அங்கே வருகிற தலைவலிகளில் ஒன்று இது. விருந்தாளி ஒன்றுக்கு இரண்டு வலையமைப்பு அட்டைகள்: ஒன்று வாடிக்கையாளர் சேவைக்கு, மற்றது பேக்கப்புக்கு. முதலாவது ஓடுகிறது, இரண்டாவதைக் காணோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை உடனே ஐபி முகவரிக் கோப்பைத் திறக்கும், எழுத்துப்பிழை தேடும், ரீஸ்டார்ட் போடும். கீழே மெயின் சுவிட்ச் போடாமல் மேல்மாடியில் பல்பை மாற்றுகிற வேலை.

முதலில் கேட்கவேண்டியது வீட்டுக்காரரிடம். ரூட் பயனராக ‘விஎம்சிபி கியூ நிக்’ என்று தட்டினால், அட்டை தரப்பட்டிருக்கிறதா, எந்த மெய்நிகர் சுவிட்ச்சில் செருகியிருக்கிறது என்று இசட்/விஎம்மே சொல்லிவிடும். இசட்/விஎம்மின் பயனர் டைரக்டரியில், அட்டையை வரையறுக்கும் ‘நிக்டெஃப்’ வரி ஒன்றுதான் இருந்தால் லினக்ஸ் பாவம், என்ன செய்யும்? வரி இருந்தும் சுவிட்ச்சில் அந்த விருந்தாளிக்கு அனுமதி கொடுக்கப்படாவிட்டால், அட்டை இருக்கும், இணைப்பு இருக்காது.

பிறகுதான் லினக்ஸ். இங்கே ஓர் அட்டைக்கு மூன்று சாதன எண்கள்: வாசிக்க 0700, எழுத 0701, தரவுக்கு 0702 என்பதுபோல. மூன்றையும் ஒரு குழுவாக்கி ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால்தான் இடைமுகம் உருவாகும். ரெட் ஹாட் லினக்ஸில் இன்னொரு பொறியும் உண்டு. நிறுவும்போது பயன்படுத்தாத சாதனங்களை ‘சிஐஓ இக்னோர்’ பட்டியல் மறைத்துவிடும். பின்னால் சேர்த்த அட்டை அதில் சிக்கினால் ‘எல்எஸ்சிஎஸ்எஸ்’ கட்டளையிலும் தென்படாது. பட்டியலிலிருந்து விடுவித்து ‘இசட்நெட்கான்ஃப்’ கட்டளை மூலம் சேர்த்தால் உடனே வந்துவிடும். ஆனால் நிரந்தர அமைப்பில் எழுதாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டோடு பழைய கதைதான்.

கல்முனையிலும் சம்மாந்துறையிலும் கணினி படித்துக் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிற பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த வரிசைதான். கட்டளைகளை மனப்பாடம் செய்வது பெரிய காரியமில்லை, கூகுளே சொல்லும். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதைப் பழகித்தான் பிடிக்கவேண்டும். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஓடுகிற வலையமைப்பைக் கட்டச் சொல்வதோடு, உடைந்த ஒன்றைக் கையில் கொடுத்தும் பரீட்சை வைக்கலாம்.

அதற்கு மெயின்பிரேம் வாங்கத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியிலேயே மெயின்பிரேம் போல நடிக்கும் ‘ஹெர்குலிஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. விரிவுரையாளர் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு சாதன எண்ணை எடுத்துவிட்டால் போதும், வினாத்தாள் தயார். அமைப்பில் கைவைக்குமுன் எதை எந்த ஒழுங்கில் சோதித்தார், ஒவ்வொன்றிலும் என்ன கண்டார் என்று மாணவர் எழுதித் தரவேண்டும். பாதிப் புள்ளி அந்தத் தாளுக்கே போகட்டும், அட்டை கடைசியில் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.