பம்பைக் கழற்றும் முன்

மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டையும் தோட்டத்தையும் பறிகொடுத்து வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழைய டீசல் கெப் வண்டிதான். குத்தகைக் காணியில் மீண்டும் லீக்ஸும் கரட்டும் போடுகிறவர்களின் மூடைகளைக் கந்தப்பளையிலிருந்தும் இராகலையிலிருந்தும் நுவரெலியாவுக்கும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. வண்டி நின்றால் இடைத்தரகர் சொல்லும் விலைதான் விலை.

ஆகவே வண்டி புகை கக்கினாலோ, மேட்டில் இழுக்க மறுத்தாலோ மனம் பதறுகிறது. "டீசல் பம்பு போய்விட்டது" என்று யாராவது சொன்னதும் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது. பம்பு திருத்தப்பட்டு வருகிறது. பழைய கோளாறும் கூடவே வருகிறது. எமக்கும் இது நேர்ந்தது. கொட்டகலை ஏற்றத்தில் நின்றுபோன எமது வண்டிக்குப் பம்பையும் நோசில்களையும் செய்வித்தோம். கடைசியில் குற்றவாளி பில்டருக்கு முன்னால் வெடித்திருந்த ஒரு சாண் ரப்பர் குழாய்! அதன் வழியே காற்று உள்ளே போயிருந்தது.

எமது அபிப்பிராயம் இதுதான்: மலிவானதை முதலில் பாருங்கள், பம்பைக் கடைசியில் பாருங்கள், கோளாறைக் கண்ணால் காட்டும்வரை பெரிய வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

பழைய வண்டிகளில் டீசல் செல்லும் பாதை எளிதானது. தாங்கி, குழாய், பில்டர், பம்பு, நோசில் என்பதே வரிசை. சோதனையும் அதே வரிசையில் போகட்டும். மேட்டில் இழுவை குறைகிறதா? தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். இழுவை திரும்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அடுத்து, பில்டரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, தண்ணீரும் கசடும் வடியவிடுங்கள். காலையில் கைப்பம்பை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறதா? காற்றுப் புகுகிறது. பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் பொருத்தினால் குமிழிகள் தெரியும். இன்னும் சந்தேகமென்றால், சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி, என்ஜினுக்கு மேலே, சூடான பாகங்களுக்கு எட்டாமல் வைத்து, அதிலிருந்து நேரே ஓடவிடுங்கள். என்ஜின் சீராக ஓடினால் பம்பில் குற்றமில்லை; குற்றம் அதற்கு முன்னால் இருக்கிறது.

புகையைக் கண்டும் ஏமாறக் கூடாது. நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். கொழும்பை விட இங்கு காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் பாரத்தோடு மேடேறும்போது சற்றுக் கரும்புகை விடுவது இயல்பு. எயார் பில்டரைச் சுத்தம் செய்த பின்னும் புகை அதிகமென்றால்தான் நோசிலைச் சந்தேகிக்க வேண்டும்.

பம்புகள் உண்மையாகவே கெடுவதும் உண்டு. 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாயானபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான். அன்று பலர் கலந்து ஓடினார்கள். வேறு வழி தெரியவில்லை. ஆனால் இந்தப் பம்புகள் பலவற்றுக்கு டீசலே மசகெண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவாதலால் உள்பாகங்கள் தேய்கின்றன. தண்ணீரோ இன்னும் கொடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது வெள்ளத்தில் நின்ற வண்டி எதுவானாலும், தாங்கியை வடித்துச் சுத்தம் செய்யாமல் ஓட்டியிருந்தால் பம்பும் நோசிலும் ஆபத்தில் இருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. கொமன் ரெயில் முறையிலான புதிய வண்டிகளில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும். அந்தக் குழாய்களைத் தளர்த்தாதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அவற்றைக் கணினி கொண்டு சோதிப்பவரிடம் விடுவதே அறிவு.

குற்றமெல்லாம் மெக்கானிக்குடையது என்று நாம் சொல்லவில்லை. அரை நாள் தேடி ஐம்பது ரூபாய்க் குழாயில் கோளாறைக் கண்டுபிடிப்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "குழாய்தானே மாற்றினாய்" என்று பேரம் பேசுகிறோம். பாகம் மாற்றினால்தான் கூலி என்றால் பாகம்தான் மாற்றப்படும். கண்டுபிடித்ததற்கு முதலில் மனமுவந்து கூலி கொடுப்போம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குவோம்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு கேனும் கண்ணாடிக் குழாயும் பொதுவில் வைத்திருக்கலாம். எந்த வண்டிக்கு எப்போது பில்டர் மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். காணியை இழந்தவர்கள் நாம். கடைசி நகையையும் தேவையில்லாத பம்புக்கு இழக்க வேண்டாம்.