சாமானியர் கதைக்குக் கொட்டகை எங்கே?

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் குன்றைத் தாங்கி நிற்கிறான். ஆனால் சிற்பியின் கண் கண்ணனோடு நின்றுவிடவில்லை. பக்கத்திலேயே ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருத்தி பானைகளைச் சுமந்து வருகிறாள். ஒருவன் குழல் ஊதுகிறான். ஓர் ஊரின் அன்றாட வாழ்வே ஏழாம் நூற்றாண்டுப் பாறையில் இடம் பிடித்துவிட்டது.

தமிழ்ப் படவுலகில் இந்தச் சாமானியர்களுக்கு எவ்வளவு இடம்? கதாநாயகனுக்குப் பின்னால் நின்று ஆட நூறு பேர் வருகிறார்கள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று எந்தப் படமும் கேட்பதில்லை.

மூன்று படங்கள்

கேட்ட படங்கள் அடியோடு இல்லாமல் போகவில்லை. 1965ல் ஜெயகாந்தன், சென்னைச் சேரி மக்களைப் பற்றிய தம் நாவலை 'உன்னைப்போல் ஒருவன்' என்ற பெயரிலேயே படமாக்கினார். டில்லியில் நற்சான்றிதழ் கிடைத்தது. கொட்டகையில் வசூல் கிடைக்கவில்லை.

1988ல் பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. சொந்த வீடு கட்ட முனையும் உத்தியோகப் பெண், அவளுடைய தங்கை, தாத்தா, நண்பன், மேஸ்திரி, சித்தாள் எல்லாரும் சேர்ந்துதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. தேசிய விருது பெற்ற அந்தப் படத்தின் நெகடிவ்கூட அழிந்துவிட்டதென்று பிற்காலத்தில் பாலு மகேந்திரா மனம் நொந்து பேசினார்.

மூன்றாவது, ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய 'டு லெட்'. கணவன், மனைவி, ஒரு சிறுவன். காலம் 2007. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வரவால் சென்னையில் வாடகை ஏறுகிறது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறாள் வீட்டுக்காரி. தெருத்தெருவாய் அலைகிறார்கள். என்ன ஜாதி, என்ன சாப்பாடு, என்ன தொழில் என்று கேள்விகள். சினிமாக்காரன் என்றதும் கதவு சாத்தப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், படத்துக்கும் அதே கதி நேர்ந்தது. 2017 நவம்பரில் கல்கத்தா திரைப்பட விழாவில் பரிசு. 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. தமிழ்நாட்டுக் கொட்டகைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 21 அன்று. வீடு தேடிய குடும்பத்தின் கதை, தானும் பதினைந்து மாதம் இடம் தேடிற்று!

நகரம் எங்கே போயிற்று?

வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுகிறவர்கள் எங்கே போகிறார்கள்? தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று ரயில் பாதை ஓரமாகவே செங்கல்பட்டு வரை குடியேறுகிறார்கள். கடற்கரைப் பக்கம் கேளம்பாக்கமும் திருப்போரூரும் நிரம்பிவிட்டன. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் வந்தது. இன்று நகர வாழ்க்கையைப் படமெடுக்க விரும்புகிறவர் இந்த மாவட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

படத் தொழிலுக்கும் இந்த ஊர் புதிதல்ல. விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டைப் பல ஏரியாக்களாகப் பிரித்து விற்கிறார்கள். அவற்றுள் 'செங்கல்பட்டு ஏரியா' நட்சத்திரப் படங்களுக்குக் கொழுத்த வசூல் தருவது. அந்த வசூலைத் தருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் குடித்தனக்காரர்கள்தான். அவர்கள் பணம் ஏரியாவுக்கு வேண்டும். அவர்கள் கதை மட்டும் வேண்டாம்!

முட்டுக்கட்டை எது?

"ஜனங்கள் இம்மாதிரிப் படங்களைப் பார்க்க மாட்டார்கள்" என்பது வழக்கமான பதில். 2015ல் வந்த 'காக்கா முட்டை' இதைப் பொய்யாக்கியது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவரின் கதையை ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் தனுஷ், வெற்றிமாறன் ஆகியோரின் தயாரிப்பும் பெரிய விநியோகக் கம்பெனியும் இருந்தன. அந்தப் பக்கபலம் இல்லாத படம் என்ன செய்யும்?

சிறு படத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது காலைக் காட்சி. வேலைக்குப் போகிறவன் அதைப் பார்க்க முடியாது. கூட்டம் இல்லையென்று இரண்டாம் நாளே எடுத்துவிடுகிறார்கள். டிஜிட்டல் கருவியில் திரையிடவும் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பெரிய படத்துக்கு அது செலவில் ஒரு துளி. சிறு படத்துக்கோ கழுத்துச் சுருக்கு.

தமிழக அரசு சிறு முதலீட்டுப் படங்களுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் மானியம் பழைய கடனை அடைக்க உதவும். மாலைக் காட்சியை வாங்கித் தராது. கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே கொட்டகைகள் நடத்துகிறது. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற இணையத் திரையையும் தொடங்கியது.

இங்கேயும் அது முடியாத காரியமல்ல. செங்கல்பட்டில் ஒன்று, கடற்கரைப் பக்கம் ஒன்று என இருநூறு பேர் உட்காரும் இரண்டு சிறு கொட்டகைகள் போதும். மானியம் பெற்ற படத்துக்கு அங்கே ஒரு வாரம் மாலைக் காட்சி நிச்சயம் என்று விதி செய்யலாம். ஆறு மணி ரயிலில் வந்து இறங்குகிறவர் அந்தக் காட்சிக்குப் போகட்டும். படம் பிடிக்கவில்லை என்றால் அவரே சொல்லட்டும். அவரைக் கேளாமலே, அவர் பார்க்க மாட்டார் என்று தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.